கேழ்வரகு முளைக்கிறபோது முளைக்கட்டும்

கிறிஸ்துமஸ் குடில் போட்டியில் ஆறு வருஷமாக எங்கள் அன்பியத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஆறுதல் பரிசு. அதுவும் ஒரு பிளாஸ்டிக் பக்கெட். ஆறு வருஷமும் குடில் கட்டியது நான்தான். எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. தலைவர் தேவராஜ் அண்ணனுக்குத்தான் அந்தப் பக்கெட்டைப் பார்த்தாலே வயிறு எரியும்.

அன்பியம் என்பது எங்கள் கோவிலில் தெருவாரியாகப் பிரித்த ஜெபக் குழு. ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் இரண்டு தெருவுக்கும் சேர்த்து இருபத்திரண்டு குடும்பம். என் வீட்டுக்காரர் ராயப்பனும் தேவராஜ் அண்ணனும் டாங்க் ஃபேக்டரியில் ஒன்றாக வேலை செய்கிறவர்கள். எங்கள் வீட்டு முன்னால் தகர ஷெட் இருப்பதால், இயேசு பிறந்த தொழுவத்தை மலையும் புல்லுமாகச் செய்து வைக்கிற குடில் எப்போதும் அங்கேதான்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறேன். வருஷம் பூராவும் சட்டைக் காலர் மட்டும்தான். அந்தச் சட்டை எவன் உடம்புக்குப் போகிறதோ, யார் கண்டது? டிசம்பர் பிறந்தால் சாயங்காலம் ஷெட்டில் உட்காருவேன். சிமென்ட் மூட்டைத் தாளைக் கஞ்சியில் முக்கி, கசக்கி, மலை செய்வேன். இந்த வருஷம் கம்பியும் காகிதமும் வைத்து ஒரு கழுதை செய்தேன். காதை மட்டும் மூன்று தடவை பிய்த்துப் போட்டேன்.

"இன்னா சீலி, காது நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் ராயப்பன்.

"இருந்துச்சு. இன்னும் நல்லா வரும்."

நாலாவது தடவை காது லேசாகப் பின்னால் சாய்ந்தது பாருங்கள், பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்கிற மாதிரி! தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்படி ஒரு சந்தோஷம். அதற்கு எந்தக் கமிட்டி கப் கொடுக்கும்?

புல்லுக்குக் கேழ்வரகு விதைப்பது எங்கள் வழக்கம். ஒரு வாரத்தில் பச்சைப் பசேலென்று நிற்கும். இருபத்து நாலாம் தேதிதான் நடுவர்கள் வருவார்கள் என்று பதினேழாம் தேதி ஈர மண்ணில் தூவினேன். மறுநாள் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது, நடுவர்கள் இருபதாம் தேதியே வருகிறார்களாம்.

தேவராஜ் அண்ணன் அன்றைக்கே வந்து நின்றார். "எம்மா, தரை மொட்டையா கீதே! கோட்டை வுட்டியே!"

"விதைச்சது நேத்துதாண்ணே. முளைக்கிறப்ப முளைக்கட்டும்."

"அதுவரைக்கும் ஜட்ஜுங்க இங்க நின்னுகினு இருப்பாங்களா?"

இருபதாம் தேதி ஐந்தரைக்கு ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், ஷெட்டில் மண்ணையே காணோம். கல்யாண மண்டப வாசலில் விரிப்பார்களே, அந்த மாதிரி ஒரு பச்சை பிளாஸ்டிக் பாய். நாலு மூலையிலும் செங்கல். நடுவில் மோட்டார் வைத்த நீர்வீழ்ச்சி சளசளவென்று ஊற்றிக்கொண்டிருந்தது. என் கழுதை சுவரோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

"ஃபாரின் மாதிரி கீதுல்ல?" என்றார் தேவராஜ் அண்ணன். பக்கத்தில் ராயப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஊசி முனை போல வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. செங்கல் அடியில் இருந்ததெல்லாம் நசுங்கியிருந்தது.

"எடுங்கண்ணே."

"ஆறு மணிக்கு வந்துருவாங்க. பாத்துட்டுப் போனப்பறம் எடுத்துக்கயேன்."

"அதுக்குள்ள மோட்டார் வெயிட்ல எல்லாம் செத்துப் பூடும்."

"போனா போவுது, கேவுருதானே!" அவர் குரல் ஏறியது. "தோ பாரு ஜெயசீலி. நீ பாயில கைய வெச்சே, இனிமே அன்பியத்துக் குடில்ல உனக்கு வேலையே இல்ல. அடுத்த வருஷம் என் ஊட்டாண்ட ரெடிமேடா வாங்கி வெச்சுப்பேன். சொல்லிட்டேன்."

சொன்னால் செய்கிற ஆள். டிசம்பர் சாயங்காலமும் போய்விட்டால் மிச்சம் என்ன, காலர்தானே? "விட்டுடேன் சீலி" என்று ராயப்பன் முணுமுணுத்தார்.

முதல் செங்கலை எடுத்தேன். அடுத்து மோட்டாரை நிறுத்தினேன். பாயைச் சுருட்டி, நீர்வீழ்ச்சியையும் சேர்த்து தேவராஜ் அண்ணன் கையில் கொடுத்தேன்.

"உங்க சாமான்ணே. பத்திரம்."

நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். மொட்டை மண்ணைப் பார்த்தார்கள். "வேலை இன்னும் முடியலையாம்மா?" என்று கேட்டார் ஒருவர்.

"முடியலைங்கய்யா. கழுதைக்கு வாலே இன்னும் வைக்கல."

இரண்டே நிமிஷத்தில் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். கப் ரயில்வே லைன் அன்பியத்துக்கு. நாங்கள் கடைசி. இருபத்து நாலாம் தேதி என் கேழ்வரகு விரல் உயரத்துக்கு நின்றபோது பார்க்க வந்தது ஒரு தெரு நாய் மட்டும்தான். திருவிழாப் பூசை முடிந்ததும் தேவராஜ் அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னார், அடுத்த வருஷக் குடில் அவர் வீட்டில் என்று. "தாராளமா" என்றேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அது வேறு விஷயம்.

இருபத்தாறாம் தேதி காலையில் ஷெட்டுக்குப் போனேன். இடது பக்கத்து மலை எனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. பிய்த்தேன்.

ராயப்பன் பதறிக்கொண்டு வந்தார். "ஏன்டி, திருவிழாவே முடிஞ்சுது. இப்ப யாருக்கு இது?"

"எனக்கு."

கொஞ்ச நேரத்தில் தேவராஜ் அண்ணன் மனைவி ரெனிதா வந்தாள். மோட்டாருக்கு இழுத்த ஒயர் இங்கேயே கிடக்கிறதாம். ஒயரைக் கையில் எடுத்தவள் போகாமல் நின்றாள்.

"பாறைல இந்த மடிப்பு எப்டிக்கா வருது?"

ஒரு தாளைக் கொடுத்தேன். முதலில் கிழித்தாள். அடுத்ததையும் கிழித்தாள். மூன்றாவது தாளில் ஒரு மடிப்பு தானாக வந்து விழுந்ததும் "அய்யோ, பாருக்கா!" என்று கத்தினாள். ஒயர் ஒரு மூலையில் கிடந்தது.

அரை மணி கழித்து அவள் போன் அடித்தது. கையெல்லாம் கஞ்சி. நான்தான் எடுத்து அவள் காதில் வைத்தேன். தேவராஜ் அண்ணன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"ஒயர் எடுத்தார இம்மா நேரமா? இன்னா பண்ணிகினு கீற?"

"மலை செஞ்சுகினு கீறேன்."

"போட்டிதான் முடிஞ்சு போச்சே! எப்ப வருவே?"

ரெனிதா தன் மலையைத் தலை சாய்த்துப் பார்த்தாள்.

"தெரியல," என்றாள். பிறகு என்னிடம், "கட் பண்ணிடுக்கா."

கட் பண்ணினேன்.