ஊக்கு மருந்து

"உனுக்கு வாய் கீதா, இல்ல மூஞ்சில சும்மா ஒரு கோடு போட்டு வெச்சிகினு கீறியா?"

எட்டாம் வகுப்பில் செந்தாமரையைப் பார்த்து இப்படிக் கேட்டவர் டிரில் மாஸ்டர் கன்னியப்பன். அவர்தான் வகுப்பு வாத்தியாரும். கேள்வியில் நியாயம் இருந்தது. பெயரைக் கூப்பிட்டால் அவள் தினமும் "உள்ளேன் ஐயா" என்று சொல்லத்தான் செய்தாள். அது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கே கேட்காது. கன்னியப்பன் தமிழ்ப் பற்று உள்ளவர். வருகைப் பதிவேட்டில் இங்கிலீஷ் எழுத்துப் போட மாட்டார். வந்தவர்களுக்கு 'ஆஜர்' என்று முழுசாக எழுதுவார். வராதவர்களுக்கு 'ஆப்சென்ட்' என்பதைச் சுருக்கி 'ஆ' என்று போடுவார். ஆள் எதிரில் இருந்தாலும் குரல் காதில் விழாவிட்டால் அவர் கணக்கில் வராதவர்தான். ஒரு நாள் விடாமல் பள்ளிக்கூடம் போன செந்தாமரைக்கு வரிசையாக ஆ, ஆ, ஆ என்று விழுந்துகொண்டே வந்தது. நீண்ட நாள் வராதவள் என்று தலைமையாசிரியர் கடைசியில் பெயரை எடுத்துவிட்டார். நடந்ததை வீட்டில் சொல்லவும் அவளுக்குக் குரல் எழும்பவில்லை. படிப்பு ஏறவில்லை என்று வீட்டாரே முடிவு செய்துகொண்டார்கள்.

ஐந்து வருஷம் கழித்து, 1991 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் சேர்ந்து மாரத்தான் ஓட்டம் வைத்தார்கள். ஒரகடம் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். பஸ் இருக்கும்போது எதற்கு ஓடுகிறார்கள் என்பது செந்தாமரையின் ஊரான வடக்குப்பட்டில் யாருக்கும் விளங்கவில்லை. ஓட்டத்துக்கு முன்னால் மூன்று நாள் கண்காட்சி. கம்பெனி மைதானத்தில் பந்தல் போட்டுப் பதிமூன்று ஸ்டால்கள். பதிமூன்றாவது, செந்தாமரையின் அண்ணி காந்திமதியின் வளையல் கடை.

காந்திமதி வந்தது வியாபாரத்துக்காக அல்ல. மூன்று நாளும் பெயர் கூப்பிடும்போதெல்லாம் ஆஜராக இருக்கும் ஸ்டாலுக்கு, கம்பெனி கேட்டுக்கு வெளியே ஷிஃப்ட் பஸ் நிற்கும் இடத்தில் பெட்டிக்கடை போட அனுமதி தருவதாக ஓட்டக் கமிட்டி அறிவித்திருந்தது.

"கட கெடச்சா நீயே பாத்துக்கோ. கெடைக்கலன்னா தை பொறந்ததும் அரக்கோணத்துல எங்கக்கா வூட்டுக்குப் புள்ள தூக்கப் போ" என்று காந்திமதி சொல்லிவிட்டாள்.

அந்த வீட்டில் ஏற்கெனவே நாலு பிள்ளைகள். ஐந்தாவது தையில் வருவதாக இருந்தது.

கமிட்டியின் செயலாளர், ரிட்டயரான கன்னியப்பன். பழைய பழக்கத்தில் ஒரு பதிவேடு போட்டு, தினமும் காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் ஒவ்வொரு ஸ்டாலாகக் கூப்பிட்டார். காந்திமதி "கீறோம் சார்!" என்று போட்ட சத்தத்தில் அவர் ஒவ்வொரு தடவையும் காதைத் தேய்த்துக்கொண்டு 'ஆஜர்' எழுதினார். பின்னால் நின்ற செந்தாமரையை அவர் பார்க்கவில்லை.

போர்டு எழுதியது செந்தாமரை. கரும்பலகைத் துண்டில் மேல் வரியில் 'வளையல் ரிப்பன்', கீழ் வரியில் 'ஊக்கு மருந்து'. மருந்து என்றால் பேன் மருந்து.

"நடுவுல கமா போடணும் அண்ணி."

"இன்னாத்துக்கு? இருக்கற எடத்துல எழுத்தப் பெருசாப் போடு."

முதல் இரண்டு நாளும் ஓடுபவர்கள் வந்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். வளையலைப் பார்த்தார்கள், போனார்கள். பக்கத்து ஸ்டாலில் பிளாஸ்டிக் சாமான் விற்ற சுப்பராயன், "ஓடறவன் பக்கெட்டத் தூக்கிகினா ஓடுவான்?" என்று கேட்டுவிட்டு மூட்டை கட்டினார். குக்கர்காரன் போனான். ஊதுபத்திக்காரன் சாப்பிடப் போனவன் திரும்பவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு 'ஆ' விழுந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் மிஞ்சியிருந்தது பதிமூன்றாம் எண் மட்டும். இன்னும் ஒரு தடவை, நாலு மணிக்கு, ஆஜர் விழ வேண்டும்.

அன்றைக்குத்தான் நம்பர் துணி கொடுத்தார்கள். நானூறு துணியில் அழகாக நம்பர் அச்சடித்திருந்த கமிட்டி, அது நெஞ்சில் எப்படி நிற்கும் என்று யோசிக்க மறந்துவிட்டது. துணியைக் கையால் மார்போடு அழுத்திக்கொண்டு ஆட்கள் மைதானத்தில் அலைந்தார்கள். சேரப்பணஞ்சேரியிலிருந்து வந்த லேத் ஆபரேட்டர் ரத்தினம்தான் முதலில் போர்டைப் படித்தவன்.

"ஏம்மா, நாலு ஊக்கு குடு."

அவனுக்குப் பின்னால் வரிசை நின்றது. மூன்றரைக்கெல்லாம் அட்டை அட்டையாக ஊக்கு காலி. இன்னும் ஐம்பது பேர் நின்றார்கள்.

"நான் பஜாருக்கு ஓடி வாங்கியாறேன். சார் வந்தா வாயத் தொறந்து கீறேன்னு சொல்லு. வெளியில வராப்பல சொல்லு" என்று காந்திமதி கிளம்பிப் போனாள்.

நாலு மணிக்குக் கன்னியப்பன் பதிவேட்டோடு வந்தார். நெஞ்சில் 'செயலாளர்' என்ற அட்டையைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். ஒரு பக்கம் பிய்ந்து காற்றில் ஆடியது. வரிசையைப் பார்த்தார். போர்டை அன்றைக்குத்தான் நின்று படித்தார். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒலிம்பிக்கில் ஒரு ஓட்டக்காரனிடம் ஊக்க மருந்துக்காகப் பதக்கத்தைத் திருப்பி வாங்கிய செய்தியை அவர் பேப்பரில் படித்திருந்தார். அது தன் ஊருக்கும் ஒரு நாள் வரும் என்று அன்றிலிருந்து காத்திருந்தார்.

"எதுக்குடா க்யூ?"

"அதுக்குத்தான் சார்" என்று ரத்தினம் போர்டைக் காட்டினான்.

"அத்தினி பேருக்குமா?"

"அது இல்லாம எப்பிடி சார் ஓடறது? ஆளுக்கு நாலு."

"நாலா!"

"ரெண்டு போட்டா பாதி வழில கயண்டுக்கும் சார்."

"எங்கடா போடுவீங்க?"

"நெஞ்சுலதான்."

"குத்திக்குவீங்களா?"

"குத்தாம?" என்றான் ரத்தினம். "கமிட்டியே குடுத்திருக்கணும் சார் இத. நாங்க கைக்காசு போட்டு வாங்கறோம்."

கன்னியப்பன் செந்தாமரை பக்கம் திரும்பினார்.

"இந்த மருந்து யாரு குடுத்தது உனுக்கு? உன் பேரு இன்னா?"

அவள் பெயரைச் சொன்னாள். "கீறேன் சார்" என்றும் சொன்னாள். இரண்டும் உதட்டோடு நின்றன.

"பேரு சொல்ல ஆள் இல்ல. அப்ப ஸ்டால்ல ஆள் இல்லன்னுதான் எழுதணும்."

பதிவேட்டைப் பிரித்துப் பதிமூன்றாம் கட்டத்தில் 'ஆ' என்று போட்டார். அவளுக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அவளுக்குத் தெரிந்த எழுத்து அது.

செந்தாமரை சாக்பீஸை எடுத்தாள். 'ஊக்கு'க்குப் பக்கத்தில் குண்டாக ஒரு கமா போட்டாள். பார்த்தாள், போதாது போலிருந்தது. 'மருந்து'க்கு முன்னால் பொடி எழுத்தில் 'பேன்' என்று நுழைத்தாள். பிறகு தன் வளையலில் மாட்டியிருந்த கடைசி ஊக்கைக் கழற்றி, மேஜைமேல் அவர் முன்னால் வைத்தாள்.

"ஊக்கு, கமா, பேன் மருந்து" என்று கன்னியப்பன் சத்தமாகவே படித்துவிட்டார். வரிசையின் கடைசியில் எவனோ சிரித்தான். சிரிப்பு முன்னால் வந்தது.

"பேனுக்கா சார் இம்மாம் நேரம் வெசாரிச்சீங்க?" என்றான் ரத்தினம்.

கன்னியப்பன் பதிவேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது அவருடைய கொள்கை. முப்பது வருஷ சர்வீசில் ஒரு கோடு அடித்ததில்லை. பேனாவை உதறினார். 'ஆ'வுக்குப் பக்கத்தில் ஒரு 'ஜ' எழுதினார். அப்புறம் ஒரு 'ர'. அதன் தலையில் புள்ளி.

தலைகீழாக நின்ற அந்த மூன்று எழுத்தையும் செந்தாமரை இரண்டு தடவை படித்தாள்.

அவர் பதிவேட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மேஜைமேல் இருந்த ஊக்கை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த அட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டார். சரியாக நிற்கிறதா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, பந்தலை விட்டு வெளியே போனார்.