கறுப்பைக் காணாத கண்

விடியும் முன்பே டப்பாக் கம்பெனியில் பிரஸ்கள் இடிக்கத் தொடங்கிவிட்டன. தகட்டை உள்ளே தள்ளு, இரும்பு இறங்கும், டப்பா மூடி வெட்டுப்படும், கையை விட்டு எடு, அடுத்த தகட்டைத் தள்ளு. தரையின் அதிர்வு உள்ளங்கால் வழியாகப் பல் வரைக்கும் ஏறியது. தகர விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும் என்பதால் எல்லார் கையிலும் கறுப்பு ரப்பர் கையுறை. அதற்குள் வியர்வை ஊறி விரல்கள் வெந்துகொண்டிருந்தன.

பெரியவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்துப் பிரஸ் சும்மா கிடந்தது. அது அவள் ஓரகத்தியின் பிரஸ். ஒரே வீட்டு மருமகள்கள் என்பதால் இருவரையும் கூடத்தில் பெரியவள், சின்னவள் என்றே கூப்பிடுவார்கள். முந்தாநாள் காலை அந்தப் பிரஸ் சின்னவளின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது.

இன்று தேநீர் வேளையில் முதலாளி வருகிறார். எல்லார் முன்னாலும் பெரியவள் வாயைத் திறந்து அவர் சொல்லிக்கொடுத்த ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும்: சின்னவள் கவனமில்லாமல் கையை விட்டாள். சொன்னால் பெரியவளுக்கு வேலை நிலைக்கும், சின்னவளுக்கு வைத்தியமும் கிடையாது, வேலையும் கிடையாது. சொல்லாவிட்டால் இருவரும் வெளியே. அந்த வீட்டு அடுப்பு எரிவதே இந்த இரண்டு பெண்களின் உழைப்பில்தான்.

முதலாளி ஆளைப் பார்த்துத்தான் பிடித்திருந்தார். ஓரகத்திகள் முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்காகிறது என்பது ஊரறிந்த கதை. மாமனார் மூச்சுத் திணறிக் கிடந்த அன்று, மருந்து வாங்கி வரச் சொல்லிப் பெரியவள் சின்னவளுக்குப் போன் போட்டாள். பாதிப் பேச்சில் லைன் அறுந்தது. மறுபடி போட்டாள், மறுபடியும் அறுந்தது. "நான் வெட்டலக்கா, அதுவா கட்டாகுது" என்று சின்னவள் அழாத குறையாகச் சொன்னாள். "ஆமா, போனுக்கும் எம்மேல கோவமாக்கும்" என்று நொடித்துக்கொண்டு போனவள்தான் பெரியவள். அன்றோடு பேச்சு நின்றது.

ஒயர்மேன் வந்து சின்னவளின் பிரஸ்ஸைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அண்ணே, இதுல கண்ணு வச்சிருக்கு, கை போனா தானா நிக்கும்னாங்களே. முந்தாநாள் அது என்னத்தப் பார்த்துச்சு?"

முன்பெல்லாம் இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்ட வழியே இல்லை. அதனால் வேலை மெதுவாகிறதென்று பொத்தான்களைப் பிடுங்கிவிட்டு, விரல்நகம் அளவுக்கு ஒரு கண்ணைப் பதித்திருந்தார்கள்.

ஒயர்மேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதுக்குள்ள ரெண்டு கண்ணும்மா. ஒண்ணு, எவ்வளவு வெளிச்சம் விழுதுன்னு அளக்கும். போதும்னு பட்டா பிரஸ் விளக்கைக் குறைச்சிடும். இன்னொண்ணு, நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை விட்டு விட்டு அடிக்கும். எதிர்ல கை இருந்தா பட்டுத் திரும்பி வரும். கூடத்து வெளிச்சத்தைக் கழிச்சிட்டு, எவ்வளவு திரும்புச்சுன்னு நம்பராக்கிக் காட்டும். நம்பர் ஏறினா பிரஸ் நிக்கும்."

வெறுங்கையை நீட்டினார். சின்னத் திரையில் நம்பர் துள்ளி ஏறியது. கறுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு நீட்டினார். நம்பர் அசைவேனா என்றது.

"இந்தக் கறுப்பு முழுங்கிடுது. திரும்பி வந்தாத்தானே தெரியும்?"

பெரியவள் அண்ணாந்து பார்த்தாள். கூரைக் கண்ணாடி வழியாகக் காலை வெயில் சரியாக அந்தக் கண்மேல் வந்து விழுந்துகொண்டிருந்தது. விளக்கு தானாக மங்கியது. அச்சின் வாய்க்குள் இருட்டு. வெளிச்சம் இருக்கிறது என்றது ஒரு கண், கை இல்லை என்றது இன்னொரு கண். இரண்டு பொய்க்கும் நடுவில் சின்னவளின் விரல்கள் போயிருக்கின்றன.

"போன்லயும் இதே கண்ணுதான்" என்றார் ஒயர்மேன், பேச்சுவாக்கில். "காதுகிட்ட வச்சா திரை அணையுதில்ல, கன்னத்துல பட்டுத் திரும்புறதாலதான். அடர்த்தியா கருகருன்னு முடி வந்து மறைச்சா அணையாது. கன்னமே பட்டனை அமுக்கி லைனை வெட்டிடும்."

பெரியவளுக்கு அன்று அறுந்த லைன் நினைவுக்கு வந்தது. சின்னவள் முடியை அவிழ்த்துவிட்டால் பாதி முகம் தெரியாது. 'பாவி, என்னவெல்லாம் பேசினேன் அவளை!' அதற்குமேல் அவளால் இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. தகடு எடுக்கும் சாக்கில் பிரஸ் பிரஸ்ஸாகப் போய் ஒவ்வொருவர் காதிலும் விஷயத்தைப் போட்டாள்.

முதலாளி வந்தார். இடி ஓய்ந்தது.

"சொல்லும்மா, என்ன நடந்துச்சு?"

"அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க." கையுறைக் கையைப் பிரஸ்ஸின் கண்ணுக்கு முன் நீட்டினாள்.

அவர் நம்பரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும். கறுப்பு தெரியாதுன்னு வித்தவனே சொன்னான்."

காட்டிவிட்டால் மனுஷன் ஆடிப்போவார் என்று நினைத்திருந்தாள் பெரியவள்.

"தெரிஞ்சேவா குடுத்தீங்க?"

"வெள்ளையில அழுக்கு தெரியுதுன்னு சும்மா சும்மா மாத்தச் சொல்றீங்க. கறுப்பு ஆறு மாசம் உழைக்கும்."

"வெரல் எத்தனை மாசம் உழைக்கும்?"

"வாய் நீளுது. உனக்கும் அவளுக்கும்தான் ஆகாதே. அவளுக்காக உன் பொழப்பைக் கெடுத்துக்கப் போறியா?"

"ஆகாதுதான். அது எங்க வீட்டுச் சண்டை. பஞ்சாயத்துக்கு உங்களை யாரு கூப்பிட்டா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியவள் நிறுத்தவில்லை. "அவ கவனமாத்தான் இருந்தா. நீங்க தெரிஞ்சே கறுப்பை மாட்டி விட்டீங்க. இதுதான் நடந்துச்சு."

கையுறைகளை உரித்து அவர் முன்னாலிருந்த மேசைமேல் வைத்தாள். வியர்வை சொட்டியது. அடுத்த பிரஸ்காரி வைத்தாள். அதற்கடுத்தவர் வைத்தார். கறுப்புக் குவியல் உயர்ந்தது. ஒயர்மேன் சற்று நேரம் தயங்கி நின்றார். பிறகு தன் குறடைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தார்.

"சின்னவளுக்கு வைத்தியம், வேலை. எல்லாருக்கும் வெள்ளைக் கையுறை, பழைய ரெண்டு பொத்தான். அதுவரைக்கும் யாரும் பிரஸ்ல உக்கார மாட்டோம்."

"நாளைக்கு வேற ஆளு வரும்."

"வரட்டும். அவங்களுக்கும் கை இருக்கு. சொன்னா புரியும்."

கேட் அவர்களுக்குப் பின்னால் சாத்தப்பட்டது. வெளியே சுவரோரம் உட்கார்ந்தார்கள். நாளைக்கு உலை வைப்பது எப்படி என்ற பயம் எல்லார் வயிற்றிலும் இருந்தது. எழுந்து வீட்டுக்குப் போனவர் யாருமில்லை.

பெரியவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"அக்கா?" சின்னவளின் குரல் நம்ப முடியாமல் வந்தது.

"முடியை ஒதுக்கிட்டுப் பேசுடி."

"என்னக்கா?"

"உன் முடிதான்டி லைனை வெட்டியிருக்கு. நீ வெட்டல. எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"ஒரு கையில போன், ஒரு கையில கட்டு. எதாலக்கா ஒதுக்குறது?" என்றாள் சின்னவள். லைன் அறுந்தது.

பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் போட்டாள். சின்னவள் எடுத்ததும், போனைக் கூட்டத்தின் நடுவே நீட்டினாள்.

"கட்டாகுறதுக்குள்ள எல்லாரும் பேசுங்க!"

கேட்டுக்கு உள்ளேயும் கேட்கும்படி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.