பூஜ்யம் வாங்கிய ப்ரொப்பெல்லர்

மாடல் விமான கிளப்பின் தலைவர் குனிந்து அந்த விமானத்தைச் சவப்பெட்டிக்குள், தம்பியின் காலடியில் வைத்தார். அதைப் பார்த்ததும் அக்கா காப்பிக் கோப்பையை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். துக்கம் தாங்காமல் எழுந்துவிட்டாள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரி முதுகைத் தடவிக் கொடுத்தாள். துக்கமெல்லாம் நேற்றோடு சரி. இது கோபம்.

முழங்கை நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் விமானம். மூக்கில் நான்கு பிளேடுகள் கொண்ட விசிறி, அதாவது ப்ரொப்பெல்லர். போன மாதப் போட்டியில் தம்பி இந்த ப்ரொப்பெல்லருக்குத்தான் பூஜ்யம் போட்டான். அதற்காகத்தான் மாடல் விமான கிளப் அவனை நடுவர் பொறுப்பிலிருந்து தூக்கியது. தூக்கியவர் தலைவர், பர்னிச்சர் கடைக்காரர். விமானமும் அவர் கட்டியதுதான். அதையே கொண்டுவந்து செத்தவன் காலடியில் வைக்கிறார். எவ்வளவு பெரிய மனசு!

டாக்டர் மாரடைப்பு என்றார். அந்த மாரடைப்பின் பெயர், அது நடத்தும் பர்னிச்சர் கடை, அதன் வீட்டு விலாசம் எல்லாமே அக்காவுக்குத் தெரியும்.

தம்பி வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவன். கணவர் போன பிறகு அக்கா அவன் வீட்டுக்கே வந்துவிட்டாள். வந்த பிறகுதான் இப்படியும் ஒரு பைத்தியம் உண்டென்று தெரிந்துகொண்டாள். மாடல் கட்டும் பாகங்கள் அடங்கிய பெட்டியில், அவர்கள் பாஷையில் கிட்டில், வரும் ப்ரொப்பெல்லர் நிஜ விமானத்தில் இருந்த அதே வடிவத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. நிஜ பிளேடின் வரைபடத்தை மாடலின் அளவுக்குச் சுருக்கி, மெல்லிய தாளில் எடுத்து, கூடத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருப்பான். கிட்டின் பிளேடை இடுக்கியில் பிடித்து அதன் மேல் வைப்பான். கோட்டுக்கும் பிளேடுக்கும் நடுவே வெளிச்சம் ஒழுகினால் அங்கே பிளாஸ்டிக் குறைச்சல். கோடே மறைந்துபோனால் அங்கே அதிகம். அதை ஒட்டியும் ராவியும் சரிப்படுத்துவது விமானம் கட்டுபவரின் வேலை. போட்டிக்கு முன்னால் எல்லோரும் ப்ரொப்பெல்லரை மட்டும் கழற்றி, தீப்பெட்டியில் போட்டு நடுவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது கிளப்பின் வழக்கம்.

அந்த வழக்கம்தான் அவனைக் காப்பாற்றியது. இரண்டு வருடமாக அவனுக்குக் கண் தெரியாது. ஆள் தெரியும், முகம் தெரியாது. நரம்பு போய்விட்டது, ஆபரேஷனால் பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஜன்னலில் நின்றது அக்கா. அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எங்கே ஒழுகுகிறது, எவ்வளவு ஒழுகுகிறது என்று கேட்டுக் கேட்டு மார்க் போடுவான். வெளியே மூச்சு விடக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான். அவளும் விடவில்லை.

தொப்பைக்காரத் தலைவரின் தீப்பெட்டி வந்த அன்று அவள் முதல் பார்வையிலேயே சொல்லிவிட்டாள்.

"நுனிக்கிட்ட ஒழுகுது. நடுவுல கோடே தெரியல, தொப்ப போட்டு மூடிடுச்சு."

"யாரோடதுன்னு தெரிஞ்சு கிண்டல் பண்றியா?"

"நீயே தடவிப் பாரு."

தடவிப் பார்த்தான். மறுபடி பார்க்கச் சொன்னான். சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு தடவையும் பார்க்கச் சொன்னான். அப்புறம்தான் பூஜ்யம். சட்டைப் பித்தானைச் சரியாகப் போடத் தெரியாதவன், இதில் மட்டும் அப்படியொரு நிதானம்.

இப்போது தலைவர் பெட்டியின் தலைமாட்டில் நின்று பேச ஆரம்பித்திருந்தார். கிளப் ஆட்கள், ஒரு பஸ் டிரைவர், ஒரு வாட்ச் கடைக்காரர் என்று எல்லோரும், மடக்கு நாற்காலிகளில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நல்ல நண்பர், நல்ல ரசிகர் என்று எதையெதையோ சொன்னார். தம்பியின் பொறுமையைப் பாராட்டினார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

"கடைசி காலத்துல அவருக்குக் கண்ணு கொஞ்சம் மங்கிடுச்சு. என் விமானத்தையே தப்பா எடை போட்டுட்டாரு. அதுக்காக யாரும் வருத்தம் வெச்சுக்க வேணாம். நான் மன்னிச்சுட்டேன்."

நாற்காலிகளில் தலைகள் ஆடின.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மன்னிப்பாமே. பேசாமல் இருந்தால் தம்பியின் கடைசித் தீர்ப்பு கண் தெரியாதவனின் உளறலாக அவனோடு மண்ணுக்குள் போகும். வாயைத் திறந்தால் அவன் ஊரை ஏமாற்றியது வெளியே வரும், அவள் செய்த சத்தியமும் போகும். இதை யோசித்துச் செய்ய அவளுக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. நேராகப் போய் அவன் காலடியிலிருந்து விமானத்தை எடுத்து, மூக்கிலிருந்த ப்ரொப்பெல்லரைப் பிடுங்கினாள்.

"என் தம்பிக்குக் கண்ணு மங்கலைங்க. போயே போச்சு. ரெண்டு வருஷமாச்சு."

ப்ரொப்பெல்லரை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள்.

"உங்க விசிறியப் பாத்தது நான். மூணு தடவ பாத்தேன். என் கண்ணுக்கு ஒண்ணும் ஆகல."

பஸ் டிரைவர் மெதுவாக எழுந்து, அப்படியானால் போன வருடம் தனக்குக் கிடைத்த முதல் பரிசு என்று இழுத்தார். அதுவும் தான் பார்த்ததுதான் என்றாள் அக்கா. அவர் உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் யாரோ 'ஏமாத்து' என்று முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. அவள் பெட்டிக்குள் திரும்பிப் பார்த்தாள். தம்பி நன்றாகப் படுத்துக்கொண்டிருந்தான். கண் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடுவர் வேலையிலிருந்து மாலையும் மரியாதையுமாக வெளியே வந்திருக்கலாம். பிடிவாதம். இப்போது இவர்களிடம் அவனுக்காக மல்லுக்கட்டுவதும் அவள்தான். எழுப்பி உட்கார வைத்து நாலு அறை விட வேண்டும் போல இருந்தது.

"அக்கா, துக்கத்துல ஏதோ பேசறீங்க," என்றார் தலைவர்.

"ஜன்னல் அங்க இருக்கு. படத்த இன்னும் கிழிக்கல. போய்ப் பாருங்க."

அவள் நீட்டிய ப்ரொப்பெல்லரைத் தலைவர் வாங்கவில்லை. வாட்ச் கடைக்காரர் வாங்கினார். சும்மா பார்க்கலாமே என்பதுபோல் ஜன்னலுக்குப் போனார். அவர் பின்னால் பஸ் டிரைவர் போனார். அப்புறம் இன்னும் இரண்டு பேர். பிளேடைச் சாய்த்துப் பிடித்தால் எப்படித் தெரியும் என்று ஒருவர் சொன்னார். முதலில் வரைபடம் சரியா என்று பார்க்க வேண்டாமா என்றார் இன்னொருவர். சட்டைப் பைகளிலிருந்து பூதக்கண்ணாடிகள் வந்தன. சாவு வீட்டுக்கும் அதை எடுத்துக்கொண்டுதான் வருவார்கள் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் தனியாக நின்ற தலைவரும், தாங்க முடியாமல், தன் பிளேடைத் தானே பிடித்துக் காட்டப் போனார்.

பெட்டியைச் சுற்றி ஒருவரும் இல்லை. எல்லோருடைய முதுகும் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கம் கெட்டவர்கள் என்று அக்கா மனசுக்குள் திட்டினாள். இவன் மட்டும் எழுந்திருக்க முடிந்தால் இவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பான் என்று தோன்றியதும் திட்டு இன்னும் கூடியது. நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"தலைவரே, நுனியில ஒழுகுது," என்றார் வாட்ச் கடைக்காரர்.

ஒரு பிளேடை வைத்துச் சொல்ல முடியாது, அடுத்த பிளேடுக்குத் திருப்பிப் போடுங்கள் என்றார் வேறு யாரோ.

சவ வண்டி டிரைவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, நேரமாகிறது, எடுத்துவிடலாமா என்று அவளிடம் கேட்டான். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"கொஞ்சம் இருப்பா. இன்னும் மூணு பிளேடு பாக்கி இருக்கு."