கதவாக இருந்த சேலை

சனிக்கிழமை. குளச்சல் மீன் ஏலக்கூடத்தில் ஏலம் முடிந்து தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். விக்டோரியா தன் மூலைக்கு வந்து, தூணிலிருந்து சுவருக்குக் கயிறு கட்டிப் பழைய சேலையைத் தொங்கவிட்டாள். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலைச் சிலுவையைக் கயிற்றில் செருகினாள். வீட்டு வாசல் நிலையில் செருகுவதுதான் வழக்கம். நிலைக்கு எங்கே போவாள்? போன ஆனியில் கடல் வீட்டோடு வாரிக்கொண்டு போய்விட்டது. மனை தருகிறோம் என்று வந்த பெரிய மனிதர்கள் இளநீர் குடித்துவிட்டுப் போனதோடு சரி.

இன்று அவளைப் படமெடுக்க ஆள் வருகிறது. பூசைக்கு உடுக்கும் நல்ல சேலையை உடுத்திக்கொண்டாள்.

வீடற்றவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் ஜெஃப்ரின் தக்கலைக்காரன். வந்து அவளைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

"அக்கா, பழைய துணி இல்லியா? இப்பிடி நின்னா வீடில்லாதவங்க மாதிரியே இல்ல. பாக்கவங்களுக்கு இரக்கம் வராண்டாமா?"

இரக்கமாம், இரக்கம்!

"வீடுதான் தம்பி போச்சு. குளிச்சு நல்ல சேல உடுக்கதும் போணுமா?"

ஜெஃப்ரின் கேமராவை ஓடவிடும்படி கேமராக்காரன் டிஜோவிடம் சொல்லிவிட்டு, தொங்கிய சேலையைச் சரேலென்று இழுத்தான். ஓலைச் சிலுவை ஈரத்தரையில் விழுந்தது.

உள்ளே மகள் ஜின்சி பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஏலக்கூடத்தில் குடியிருப்பதைப் பள்ளிக்கூடத்தில் ஒருவரிடமும் சொல்லாத பிள்ளை. கேமராவைக் கண்டதும் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள்.

விக்டோரியா பாய்ந்து குறுக்கே நின்றாள்.

"ஏலே, அது எனக்க வீட்டுக் கதவுலே! ஒனக்க வீட்டுக் கதவ ஒருத்தன் இப்பிடி பிடுங்கிப் போட்டா விடுவியா? வீடில்லாதவன்னா எவன் வேணும்னாலும் கேக்காம உள்ள வரலாமோ?"

ஜெஃப்ரினுக்குச் சுருக்கென்றது. இவளை ஏமாற்றியவர்களைத் தோலுரிக்க வந்தவன், தானும் இவளை ஒரு மனுஷியாக மதிக்கவில்லை. எடுத்ததை அழிக்கச் சொன்னான். சேலையைத் திரும்பக் கட்டி, சிலுவையைத் துடைத்துச் செருகிவிட்டு வெளியே நின்றான்.

"அக்கா, உள்ள வரட்டா?"

"வராண்டாம். பிள்ளைய காட்டப்பிடாது. நான் வெளிய வந்து பேசுதேன்."

அந்த நல்ல சேலையோடேயே கேமராவுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள்.

"எனக்கு யாருக்க இரக்கமும் வேண்டாம். பூட்டித் தொறக்க கதவுள்ள வீடு எனக்க உரிம. அத தராதவங்க வெக்கப்படட்டு. எனக்க பிள்ள எதுக்கு முகத்த மூடணும்?"