தெருவின் குறுக்கே ஹோஸ்

என் வீட்டுக்காரர் ஜெபகுமார் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, தெருவின் குறுக்கே இரண்டு பச்சை ஹோஸ்களைப் போட்டு ஆணியடித்தார். சக்கரம் முதல் ஹோஸில் ஏறினால் உள்ளேயிருக்கும் காற்று தள்ளி, ஜன்னலில் வைத்த கடிகாரம் ஓடும். அடுத்ததில் ஏறினால் நிற்கும். அதை வைத்து வேகத்தைக் கணக்குப் போட்டுவிடலாமாம். நல்ல ஹோஸை வெட்டிவிட்டாரே என்று எனக்கு வயிற்றெரிச்சல்.

மறைமலைநகர் போகிற கம்பெனி பஸ்களெல்லாம் ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலுக்குப் பயந்து எங்கள் தெருவில்தான் பறக்கும். எங்கள் சிநேகாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஹாரன் அடித்தால் குழந்தைக்கு என்ன தெரியும்? எதிர்ச்சாரியில்தான் பள்ளிக்கூடம். இனிமேல் தனியாகத்தான் போவேன் என்று கையாலேயே பேசி அடம்பிடிக்கிறாள். வேகத்தடை கேட்டுப் போனால், "ஸ்பீடா வர்றாங்கன்றதுக்கு ப்ரூஃப் இருக்காம்மா?" என்கிறார் அதிகாரி. அந்த ஆளை நாலு கேள்வி கேட்காமல் வந்தேனே!

முதல் பஸ் முனையில் உறுமிக்கொண்டு திரும்பியது. எங்கள் வீட்டருகே வந்ததும் பிரேக். பூனை மாதிரி ஹோஸைத் தாண்டியது. பதினொரு கிலோமீட்டர் வேகம். அடுத்து வந்த வேனும் அப்படியே, மணல் லாரியும் அப்படியே. இவர் மெஷினில்தான் கோளாறு என்று அதைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். நான் போய் அடுத்த பஸ்ஸை மறித்தேன்.

"இன்னாக்கா, தண்ணி லாரி வந்துகினு கீதா?" என்று டிரைவர் முத்துசாமி தலையை நீட்டினார். "ஸ்பீடா ஏத்தி ஹோஸு பிச்சிக்கினா, உங்க வாய்ல வுழுந்து எந்திரிக்க முடியுமா?"

அந்த வருஷம் மழையே இல்லை. தண்ணீர் லாரிதான் எங்களுக்குச் சாமி. அது வந்து நின்றால் தெருவின் குறுக்கே ஹோஸைப் போட்டுத்தான் வீட்டுக்குத் தண்ணீர் பிடிப்போம். அதற்கு முந்தின மாதம் அப்படிப் போட்ட ஹோஸைக் கிழித்த வேன்காரனை நானும் பக்கத்து வீட்டு தனகோடியும் கேட்ட கேள்வியில், அவன் இந்தப் பக்கமே வருவதில்லை. அதையெல்லாம் எப்படித்தான் மறந்தோமோ!

"இந்த நம்பரக் காட்டுனா வேகத்தடையே வேணாம்னுடுவான். எடுத்துட்றேன்," என்றார் இவர்.

"அதுல கை வெச்சீங்க, தெரியும் சேதி!"

ஹோஸ் அங்கேயே கிடந்தது. சிநேகா தனியாகப் போய்வந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் லாரி நின்றது. தெருவே சந்தோஷப்பட்டது, எனக்கு மட்டும் கவலை: லாரி வராத தெருவில் எந்த டிரைவர் இனி ஹோஸைப் பார்த்து பிரேக் போடுவான்? அன்று காலை ஒரு பஸ் ஹோஸைச் சட்டையே பண்ணாமல் சேற்றை வாரியடித்துவிட்டுப் போனது. குடையும் பையுமாகக் கிளம்பி நின்ற சிநேகாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டருகே அழுதேன்.

"இன்னாத்துக்கு அழுவுற?" என்று தனகோடி வெளியே வந்தாள். சொன்னேன். உள்ளே போய்த் தன் வீட்டு ஹோஸைத் தரதரவென்று இழுத்து வந்து ரோட்டின் குறுக்கே போட்டாள்.

முனையில் அடுத்த பஸ் திரும்பியது. கொட்டுகிற மழையில், நனைந்த புடவையை இழுத்துச் செருகி, இடுப்பில் கைவைத்து அதை முறைத்தபடி நின்றாள் தனகோடி.