இரண்டு பக்கத்து இரத்தம்

செத்துப்போன மகளின் தலையில் வைத்த அரப்பைக் கழுவிக்கொண்டிருந்த குணலட்சுமியின் காதில் மாமியின் குரல் விழுந்தது.

"அவவைப் படலைக்கு உள்ளை விடாதேங்கோ. அவவின்ரை பகுதி ரத்தந்தான் என்ரை பிள்ளையைத் திண்டது."

படலையில் நின்றது குணலட்சுமியின் தாய் பூரணம். வட்டுக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். செத்துக் கிடந்த மகள் கனகாம்பிகைக்குப் பதினேழு வயது. கண் மஞ்சளாவதும் மூட்டு நோவில் துடிப்பதும் ஆஸ்பத்திரியில் கிடப்பதுமாகவே வளர்ந்த பிள்ளை. பழி முழுக்கப் பூரணத்தின் தலையில். மூன்று வருடமாக இந்த வீட்டுக்குள் அவள் வரக்கூடாது. இத்தனைக்கும் மாமி தங்கமுத்து பிறத்தியாரில்லை, குணலட்சுமியின் தகப்பனுடைய கூடப் பிறந்த தமக்கை. சொந்த மச்சானுக்குத்தான் குணலட்சுமியைக் கட்டிக்கொடுத்தார்கள்.

கணவர் பரமலிங்கத்தோடு படிப்பிக்கும் பெர்னடெட் ரீச்சர் துவாயை நீட்டியபடி மெல்லச் சொன்னாள்.

"அப்பிடி இல்லை அக்கா. ரத்தத்திலை இருக்கிற புரதம் மணி கோத்த மாலை மாதிரியாம். நூற்றி நாப்பத்தாறு மணியிலை ஆறாவது மணி மட்டும் மாறிப்போனா, சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சுபோகும். ஒரு பக்கத்தாலை வந்தா ஆளை விழுத்தாது. தாய், தகப்பன் ரெண்டு பேரிட்டையும் இருந்து வந்தாத்தான் உந்த வருத்தம். நீங்கள் மச்சான் மச்சாள். மாமியின்ரை தாய் தகப்பனிட்டை இருந்து மாமிக்கும் உங்கடை அப்பாவுக்கும் வந்து, அவையாலைதான் உங்கள் ரெண்டு பேருக்கும் வந்திருக்கும்."

"உமக்கு ஆர் சொன்னது?"

"எனக்குக் கணக்குத்தான் தெரியும். பிள்ளையின்ரை ரத்தம் சோதிச்ச வருசம் உங்கடை மாஸ்ரர்தான் கரும்பலகையிலை கீறி விளங்கப்படுத்தினவர்."

அது மூன்று வருடத்துக்கு முதல். பள்ளிக்கூடத்தில் ஊருக்கெல்லாம் கீறிக் காட்டிய மனிசனுக்கு வீட்டில் வாயில் கொழுக்கட்டை. குணலட்சுமிக்கு ஆத்திரம் பற்றி எரிந்தது. மகள் போன துக்கம்கூட அந்த எரிவுக்குக் கீழேதான் கிடந்தது.

உடுத்திக் கிடத்தியதும் அவள் நேரே கணவரிடம் போனாள்.

"இஞ்சருங்கோ, அம்மாவை உள்ளை கூப்பிடுங்கோ. ஏனெண்டும் மாமிக்குச் சொல்லுங்கோ."

பரமலிங்கம் தாயிருந்த பக்கம் பார்த்தார்.

"செத்தவீட்டிலை ஏன் உந்தக் கதை? வயசுபோன மனிசி, தாங்கமாட்டா."

"என்ரை அம்மா தாங்கினவதானே."

அவர் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

குணலட்சுமி வாய்க்கரிசிச் சட்டியை எடுத்துக்கொண்டு படலைக்கு நடந்தாள். "வாங்கோ அம்மா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். தங்கமுத்து எழும்பப் பார்த்தாள். ஒருவரும் கைகொடுக்கவில்லை. பூரணம் பேத்தியின் வாயில் அரிசி போட்டு, கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

அடுத்ததாகப் பரமலிங்கம் கையை நீட்டினார். குணலட்சுமி சட்டியை நிலத்தில் வைத்துவிட்டுத் தாய்க்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் குனிந்து அள்ளினார்.