மயிரிழை இடம்

பெய்ஷெஹிர் ஏரி உறைந்த குளிர்காலத்தில் செவ்கெத் தன் அடிநாக்கில் ஒரு திருகாணியைப் பொருத்திக்கொண்டான். கடைத்தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துப்பாக்கி வேலைக்காரன், கையில் கருவி இருந்தது, செய்துகொண்டான் என்றார்கள்.

காரணம் ஊரறிந்தது. குறிசுடும் போட்டிக்காரர்களின் கைத்துப்பாக்கிகளுக்கு விசை சரிசெய்வதுதான் அவனுக்கும் தம்பி இஹ்சானுக்கும் பிழைப்பு. விசையை இழுத்துத் துப்பாக்கியின் சுத்தி விடுபட்ட பிறகும் விசை சற்றுப் பின்னால் ஓடும். அந்த வீண் ஓட்டம் குறியைக் கலைத்துவிடும். அதைத் தடுக்கக் கடுகளவு திருகாணி ஒன்று உண்டு. ஒரேயடியாக நெருக்கினால், கரி படிந்ததும் சுத்தி விழவே விழாது. ஆகவே மயிரிழை இடம் விடவேண்டும். இஹ்சான் ஒருமுறை அந்த இடம் விடாமல் நெருக்கிவிட்டான். கோன்யா போட்டியில் வாடிக்கையாளரின் துப்பாக்கி வெடிக்கவில்லை. செவ்கெத் திட்டினான், திட்டவேண்டியதுதான். ஆனால் திட்டி முடித்த பிறகும் வாய் ஓடியது: "அம்மா சாகறப்பவும் நீ இப்படித்தான்டா, வேணுங்கிற நேரத்துல இல்ல." இஹ்சான் பட்டறை மேலங்கியை ஆணியில் மாட்டிவிட்டு கோன்யா பஸ் ஏறினான். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது.

திருகாணி வந்தபின் செவ்கெத் ஒரு சொல் அதிகம் பேசவில்லை. விலை சொன்னான், சலாம் சொன்னான். ஆண்டுகள் போயின. ஒரு பெருநாளன்று இஹ்சானே வந்து அண்ணனின் கையை முத்தமிட்டு எதிரே உட்கார்ந்தான். செவ்கெத்தின் நாக்கு நகர்ந்தது. சொல் விடுபடுவதற்கு மயிரிழை முன்னால் முட்டி நின்றது. தேநீர் ஆறிப்போனது.

"ஒரு வார்த்தைண்ணே. பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றான் இஹ்சான். கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் போனான்.

"அவன எதுக்குத் திட்டுனீங்களோ அந்தத் தப்ப உங்க வாய்லயே பண்ணி வச்சிருக்கீங்களே," என்றாள் மனைவி மெலாஹத்.

செவ்கெத் அன்றே திருகாணியைக் கால் சுற்றுத் தளர்த்தினான். "மன்னிச்சிர்றா" என்ற சொல் வெளியே வந்தது. வந்தது நிற்கவில்லை, வாசலைத் தாண்டி ஏரிக்கரைச் சாலையில் கோன்யாவை நோக்கி நடந்தது. பஸ் ஏற அதற்குத் தெரியவில்லை. செவ்கெத்துக்குத் தெரியும், ஏறியிருக்கலாம். சொல்தான் போகிறதே என்று இருந்துவிட்டான் பாவி.

சொல் போய்ச் சேர்ந்தபோது இஹ்சானுக்காக வீட்டில் சாவு வீட்டு ஹல்வா கிண்டிக்கொண்டிருந்தார்கள். அடக்கம் முந்தைய நாளே முடிந்திருந்தது. அவன் மனைவி நஸிரே குரலை அடையாளம் கண்டுகொண்டாள். "முந்தாநாள் வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தாரு," என்று அதனிடம் சொன்னாள்.

அது இன்னும் அந்த வீட்டு முசுக்கட்டை மரத்தடியில்தான் இருக்கிறது. நஸிரே துணி உலர்த்தும்போது அதைச் சற்று ஒதுக்கிவைப்பாள். பெருநாள்களில் செவ்கெத் பஸ் ஏறி வந்து அதன் பக்கத்தில் உட்காருகிறான். அவள் இருவருக்கும் தேநீர் வைக்கிறாள்.